நிழல் ஒட்டாத படங்கள்

ஒரு படத்தை நல்ல படம் என்று அவர் ஒப்புக்கொள்ளக் கதை வேண்டாம், பாட்டு வேண்டாம், கதாநாயகன்கூட வேண்டாம். நிழல் சரியாக விழுந்திருக்க வேண்டும்.

“கத யாரு வோணா சொல்லுவாங்க சார். நெழல் ஒட்டணும். ஒரு ஆளு கால கீழ வெச்சா, நெழல் வந்து கால்ல ஒட்டிக்கணும். ஒட்டலன்னா அவன் தரைல நிக்கல, தொங்கிக்கினு கீறான்.”

இப்படிச் சொல்லிவிட்டு, நான் ஒப்புக்கொள்கிறேனா என்று பார்ப்பதற்காகத் தலையை இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் அசைப்பார். கோழி தானியத்தைப் பார்ப்பதுபோல இருக்கும். எதைப் பார்த்தாலும் அப்படித்தான்: பேருந்துப் படி, உணவுக்கூடத்து நாற்காலி, மனிதர்கள். அது அவருடைய சுபாவம் என்று மனதுக்குள் எழுதி மூடிவிட்டேன். எதையும் எழுதி மூடிவிடுவதுதான் என் தொழில்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் நான் பாதுகாப்பு அலுவலராக இருந்தேன். அந்த வேலையில் இரண்டே காரியங்கள் உண்டு. நடக்காத விபத்துகளுக்கு, ‘விபத்தில்லாத நாட்கள் இத்தனை’ என்று வாசலில் பலகை வைப்பது. நடந்த விபத்துகளுக்குக் காரணம் எழுதுவது. இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன் என்று நிர்வாகம் எனக்கு ஒரு கடிகாரம் கொடுத்து அனுப்பியது. அது இப்போது திருவள்ளூரில் என் வீட்டுச் சுவரில், ஐந்து நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர் கிரேன் ஆப்பரேட்டர். ஷெட்டின் இரு சுவர்களிலும் உயரத்தில் பதித்த தண்டவாளங்களின் மேல் அந்தக் கிரேன் ஓடும். அதிலிருந்து தொங்கும் சிறிய அறையில் அவர் உட்கார்ந்திருப்பார். பில்லெட் என்னும் நீண்ட இரும்புக் கட்டைகளைக் கீழே சங்கிலி போட்டுக் கட்டி, கொக்கியில் மாட்டிவிடுவார்கள். கட்டு ஒவ்வொன்றும் லாரி கனம். அவர் அதைத் தூக்கி, மனிதர்கள் நடமாடும் தரைக்கு மேலே கொண்டுபோய், உலைக்குப் பக்கத்தில் இறக்குவார். முட்டைக் கூடையை வைப்பதுபோல வைப்பார். கட்டு தரையைத் தொடும் சத்தம் கேட்காது என்பது மில்லில் எல்லோரும் சொல்லிக்கொள்ளும் பெருமை.

காலையில் திருவள்ளூரிலிருந்து கிளம்பும் கம்பெனிப் பேருந்தில் நான் ஏறுவேன். பெரியபாளையத்தில் அவர் ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்து, அலைபேசியில் பொம்மைப் படம் பார்க்கத் தொடங்குவார். கார்ட்டூன், அனிமேஷன் என்றெல்லாம் சொல்ல மாட்டார். ஆடி மாதத்தில் அம்மன் கோயில் கூட்டத்தில் பேருந்து வேப்பிலைக்கு நடுவே ஊரும். மற்றவர்கள் அட்டெண்டன்ஸ் போய்விடுமே என்று தவிப்பார்கள். அவருக்கு இன்னும் இருபது நிமிடப் படம் கிடைத்த சந்தோஷம்.

நிஜ மனிதர்கள் நடித்த படங்களின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை இல்லை.

“கேமராவ வெச்சிட்டா எது வோணா உள்ள பூந்துடும் சார். காக்கா பறக்கும். பின்னாடி எவனாவது மூக்க நோண்டிக்கினு நிப்பான். பொம்மப் படத்துல அந்தக் கதையே கெடையாது. ஒரு ஈ பறக்குதுன்னா, ஒருத்தன் குந்திக்கினு அந்த ஈய வரைஞ்சிக்கிறான். சும்மா வந்தது ஒண்ணுமே இல்ல.”

‘எதிர்பாராதவிதமாக’ என்ற சொல்லை வாரம் ஒரு முறையாவது எழுத வேண்டிய எனக்கு இது கொஞ்சம் உறுத்தும். பேச்சை மாற்றுவதற்காகச் சண்டைக் காட்சிகளைப் பற்றிக் கேட்பேன்.

“அடி வாங்குனவன் பறக்கட்டும் சார், அது தப்பில்ல. விழுறப்ப பஞ்சு மாதிரி விழுறான் பாருங்க, அதான் பேஜாரு. எழுவது கிலோ விழுந்தா தூசி கெளம்ப வாணாமா?”

கணினியில் செய்த புதிய படங்களும் தப்பவில்லை. “பூனைக்கி மயிரு மயிரா தெரியுது. எண்ணிக்கலாம். ஆனா பூன தரைல நிக்கல.”

அவருக்கு மிகப் பிடித்த படம் ஏதோ ஒரு குளிர் தேசத்துப் படம். பெயர் அவருக்கும் தெரியாது; பாஷையும் புரியாது; அதில் பாஷைக்கு வேலையும் இல்லை. ஒரு கரடி வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பனி மூடிய மேட்டில் ஏறுகிறது. கதை அவ்வளவுதான். அடிக்கு அடி கொஞ்சம் தண்ணீர் சிந்துகிறது. “தண்ணி கொறையக் கொறைய அதோட தோளு ஒரு நூலு ஒசருது சார். எவனும் கவனிக்க மாட்டான். இருந்தாலும் வரைஞ்சிக்கிறான் பாருங்க, அவன் ஆளு.” எனக்கு அந்தத் தோள் எவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை. பிடிபட்டதாகத் தலையாட்டியிருக்கிறேன்.

பழவேற்காட்டிலிருந்து வரும் ஃபிட்டர் ஒருவர், எங்கள் எல்லோருக்கும் பாய், இவரைச் சீண்டாமல் நாஷ்டா சாப்பிட மாட்டார்.

“இன்னா ணா, பேரன் எடுக்குற வயசுல பொம்மப் படமா?”

“கொயந்தைங்களுக்கு அது இன்னா புரியும் பாய்? ஏமாந்துடும். பெரியவங்கதான் பாக்கணும்.”

“அப்ப எனுக்கு இன்னும் வயசு வர்லன்றியா?”

“உனுக்கு வரவே வராது. நீ டீயக் குடி.”

டீ அவருடையது. ஒரு பெரிய ஃபிளாஸ்க் கொண்டுவந்து சுற்றியிருப்பவர்களுக்கெல்லாம் ஊற்றுவார். ஊற்றும்போது ஃபிளாஸ்க்கின் வாயைத் தம்ளர் விளிம்பில் தொட்டுக்கொண்டுதான் சாய்ப்பார். ஒரு சொட்டு சிந்தாது. சிக்கனக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு பழக்கம், விளக்குகளைப் பற்றிப் புகார் எழுதுவது. ஷெட்டின் கிழக்குச் சுவரை ஒட்டி, உயரத்தில், மஞ்சள் விளக்குகள் ஒரே வரிசையாக இருந்தன. மற்றவர்கள் சாப்பாட்டைப் பற்றி எழுதுவார்கள், கழிப்பறையைப் பற்றி எழுதுவார்கள். இவர் ஒரு விளக்கு போனாலும் ஷிப்டு முடிந்ததும் சீட்டோடு வந்து நிற்பார். அந்தச் சீட்டுகளுக்கென்றே ஒரு கோப்பு திறந்தேன். சினிமாப் பைத்தியத்துக்கு வெளிச்சத்தின் மேல் கொஞ்சம் கூடுதல் அக்கறை என்று அதற்கும் விளக்கம் வைத்திருந்தேன்.

வெளியிலிருந்து பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்தவர் ஷெட்டில் வெளிச்சம் போதாது என்று எழுதிவிட்டுப் போனார். அதன்பின் நடந்தவை முழுக்க என் கைவேலை. குறிப்பு, ஒப்புதல், மூன்று விலைப்புள்ளி, மறு ஒப்புதல். மஞ்சள் விளக்குகள் இறங்கின. நான்கு பக்கமும் வெள்ளை விளக்குகள் ஏறின. ஷெட் கல்யாண மண்டபம்போல ஆயிற்று. எல்லோரும் வந்து கைகொடுத்தார்கள். அவர் மட்டும் முதல் ஷிப்டு முடிந்ததும் வேர்த்த முகத்தோடு நேரே என் அறைக்கு வந்தார்.

“எல்லாம் சப்பையா கீது சார்.”

“எது?”

“கீழ கீறது எல்லாம். நெழலே இல்ல. உத்துப் பாத்தா நாலு பக்கம் நாலு கீது, எத நம்புறது? பழைய லைட்டு ஒரு வரிசைய மட்டும் தனியா எரிய வுடுங்க சார். புண்ணியமாப் போவும்.”

ஏற்கெனவே கழற்றியதை மறுபடி மாட்ட விதியில் இடமில்லை என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றும் சொன்னேன். எழுதிக் கொடுத்தார். தேதி போட்டு, அதே கோப்பில் வைத்தேன்.

அதிலிருந்து கட்டுகள் இறங்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. டம். முதலில் நாளுக்கு ஒன்று. பிறகு மணிக்கு ஒன்று. என் அறையிலிருந்தே கேட்கும். பிரேக்கில் கோளாறு என்று பாயை மேலே ஏற்றினோம். அவர் கழற்றிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். “பிரேக்கு கல்லு மாதிரி கீது சார். ஆளுதான் ஒரு மாதிரியா கீறாரு. கேட்டா லைட்டத் திட்றாரு.”

ஒரு விடுமுறை நாளில் பாய் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுப் பார்க்கும் பொம்மைப் படம் ஒன்றுக்குச் சென்னைக்குப் போனார். பொம்மைப் படம் என்றால் இவரில்லாமலா? மறுநாள் உணவுக்கூடத்தில் பாய் எழுந்து நின்று நடித்துக் காட்டினார்.

“திமிங்கலம் வாயத் தொறந்துக்கினு நேரா மூஞ்சிக்கி வருது சார்! நான் சீட்டுக்குக் கீழ பூந்துட்டேன். பின்னாடி ஒரு அம்மா கத்துன கத்துல பாப்கார்னு மொத்தமும் என் தலைல. நிமுந்து பாக்குறேன், இவரு புள்ளையார் மாதிரி குந்திக்கினு கீறாரு!”

“இன்னா வந்திச்சி? ஒண்ணும் வர்ல. சும்மா ஏமாத்து வேல. கண்ணாடி போட்டாலும் அதே படம்தான். கழட்டுனா அதே படம் கலங்கலா தெரியுது. இதுக்கு ஒரு கண்ணாடி, அத வாங்க ஒரு க்யூ.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் ஃபிளாஸ்க்கை எடுத்து, தலையை இப்படியும் அப்படியும் அசைத்து, அதன் வாயை என் தம்ளர் விளிம்பில் தொட்டு, டீ ஊற்றினார். நான் பாதிச் சிரிப்பில் நின்றேன்.

கல்லூரியில் இயற்பியல் படித்தவன் நான். அந்தக் கண்ணாடி ஒரு கண்ணுக்கு ஒரு படம், மறு கண்ணுக்கு வேறு படம் காட்டும். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் திமிங்கலம் திரையை விட்டு வெளியே வரும். ஒரு கண் மட்டுமே உள்ளவருக்கு வராது. அது தட்டையாகத்தான் தெரியும்.

தலையசைப்பு, ஃபிளாஸ்க், விளக்குச் சீட்டுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது; தலையை அசைத்தோ விளிம்பைத் தொட்டோதான் அளக்க வேண்டும். கிழக்குச் சுவரில் ஒரே வரிசை விளக்கு இருந்தபோது, தொங்கும் கட்டின் நிழல் மேற்கே தள்ளி விழும். கட்டு இறங்க இறங்க நிழல் அதை நோக்கி நகர்ந்து வரும். நிழலும் கட்டும் ஒட்டும் இடம்தான் தரை. இத்தனை வருடமாகப் பேருந்தில் சினிமா விமரிசனம் என்று நான் கேட்டுக்கொண்டு வந்தது, அவர் கிரேன் ஓட்டும் முறையை. அந்த நிழலைத்தான், மூன்று விலைப்புள்ளி வாங்கி, நான் அப்புறப்படுத்தியிருந்தேன்.

இப்போது செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். அந்த நிமிடமே அவரைக் கீழே இறக்க வேண்டும். எந்தப் படிவம், யாருக்கு எத்தனை நகல் என்பதுவரை தெரியும். ஆனால் அறைக்குப் போய் முதலில் எடுத்தது கண் பரிசோதனைப் பதிவேட்டை. கிரேன் ஓட்டுபவர்களுக்கு வருடம் ஒரு முறை பரிசோதனை. ஒன்பது வருடமும் அவருக்கு இரண்டு கண்ணும் முழுப் பார்வை. ஒன்பது வருடமும் மருத்துவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து. அவர் எப்படித் தேறினார் என்ற கேள்வி வந்தால், நான் எப்படிக் கையெழுத்திட்டேன் என்ற கேள்வி அதன் பின்னாலேயே வரும்.

ஆதாரம் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சினிமாவைப் பற்றிய கருத்துகளின் பேரில் ஒரு மனிதனை வேலையிலிருந்து இறக்க முடியுமா? நல்ல வாதம். அந்த வாதத்தைச் சொல்லிக்கொண்டே ஐந்து நாட்கள், கழுத்தில் விசிலோடு, கிரேனுக்குக் கீழே நின்றேன். ஒவ்வொரு கட்டும் இறங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். டம் என்றதும் விடுவேன். கொக்கி மாட்டுபவர், ஒடிசாவிலிருந்து வந்த ஒடியாக்காரர்; அவருக்கு என்னைப் பார்த்தால் வேடிக்கை. “சார் ட்யூட்டி மாறிச்சு? இனிமே நம்ம கூட கொக்கி மாட்டுறது?” என்பார். சாயங்காலப் பேருந்தில் அவர் வழக்கம்போலக் கரடிப் படத்தை நீட்டுவார். தோளைப் பார்க்காமல் அவருடைய கண்களைப் பார்த்தேன். இரண்டும் நல்ல கண்களாகவே இருந்தன.

ஐந்தாம் நாள் காலை. தரையில் மரக்கட்டை வைத்து அதன் மேல்தான் இரும்பை இறக்குவார்கள். ஒடியாக்காரர் குனிந்து மரக்கட்டையைச் சரிசெய்தார். இரும்பு அவர் மார்பு உயரத்தில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. விசில் ஊதினேன். அது இன்னொரு தவறு. குனிந்திருந்தவர் இரும்பைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் கத்தினேன். அவர் பின்னால் சாய்ந்து விழுந்தார். டம்.

அவருடைய ஒரு ஷூ இரும்புக்கு அடியில் இருந்தது. முனை நசுங்கிப்போயிருந்தது. கால் வெளியே இருந்தது. காலுறையோடு எழுந்து நின்று, ஐந்து விரல்களையும் ஆட்டிக் காட்டிச் சிரித்தார். பயத்தில் சிலருக்குச் சிரிப்புத்தான் வரும்.

மேலிருந்து குரல் வந்தது. “இன்னா ஆச்சி? சார், இன்னா ஆச்சி? யாரு வுழுந்தது?”

அவருக்குத் தெரியவில்லை. அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

யாருக்கும் காயமில்லை என்பதால் விதிப்படி அது விபத்தில்லை. வாசல் பலகையை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அன்றே மருத்துவரை வரவழைத்தேன். முதலுதவி அறைச் சுவரில் எழுத்துப் பலகை ஒன்று வருடம் முழுவதும் தொங்கும். முதலில் வலது கண், பிறகு இடது கண், இரண்டுக்கும் அதே பலகை. இந்த வரிசையை எழுதி ஒட்டியவன் நானே. பலகையின் மறுபக்கத்திலும் எழுத்துகள் உண்டு. யாரும் திருப்பியதில்லை.

அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் படித்தார். பெரிய ‘ப’ தொடங்கிக் கடைசி வரிசையின் பொடி எழுத்துவரை ஒரு பிசகு இல்லை. பிறகு உள்ளங்கையால் வலது கண்ணை மூடினார். நான் சொல்லிவைத்தபடி மருத்துவர் பலகையைத் திருப்பினார். ஆணியில் கயிறு லேசாகக் கிரீச்சிட்டது. அவருக்குக் கேட்கவில்லை.

“ப” என்றார்.

பலகையில் இப்போது இருந்தது ‘க’.

அவர் தொடர்ந்தார். இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. நான்காவதில் கண்ணைச் சுருக்கி, தடுமாறி, “ர... இல்ல, ந” என்று திருத்திக்கொண்டார். இல்லாத எழுத்தைப் படிப்பதில் எங்கே தடுமாற வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நிறுத்துங்கள் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. கடைசி எழுத்துவரை சொல்லி முடித்து, எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிப் புன்னகை செய்தார்.

“கையை எடுங்க” என்றார் மருத்துவர்.

எடுத்தார். பலகையைப் பார்த்தார்.

“திருப்பிட்டீங்களா?” மருத்துவரிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்.

பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார். “எட்டு வயசுல கரும்புத் தோக கிழிச்சிச்சி சார். இந்தக் கண்ணுல வெளிச்சம் மட்டும்தான். பக்கத்து ஊட்டு டிவில பொம்மப் படம் ஓடும். பந்து எகிறும், கீழ அதோட நெழலு சின்னதாவும், பெருசாவும். அட, ஒசரத்துக்கு இதான் கணக்கான்னு புடிச்சிக்கினேன். டிவில எல்லாருக்கும் சப்பைதானே சார்? அதுல கத்துக்கினது வெளிய செல்லாதா? செல்லிச்சி. இத்தினி வருஷத்துல ஒருத்தர் மேலயாவது எறக்கிக்கிறேனா?”

“இல்லை.”

“நீங்க லைட்ட மாத்துற வரைக்கும்.”

நான் பதிவேட்டை மூடினேன்.

விசாரணையில், ஒவ்வொரு வருடமும் எப்படித் தேறினாய் என்று கேட்டார்கள். “பலகைய மனப்பாடம் பண்ணிட்டேன். டாக்டரையும் ஏமாத்துனேன், சேஃப்டி சாரையும் ஏமாத்துனேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். என் ஒன்பது கையெழுத்துகளைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. வேலையை விட்டு அனுப்பாமல், வாசலில் லாரி எடைபோடும் அறைக்கு மாற்றினார்கள்.

அறிக்கையை நான்தான் எழுதினேன். காரணத்துக்கு அதில் ஒரே ஒரு வரி இடம். ‘ஆப்பரேட்டரின் இடது கண் பார்வைக் குறை, மறைக்கப்பட்டது’ என்று எழுதினேன். உண்மை. யாரும் குறை சொல்ல முடியாது. விளக்கு மாற்றிய மறுநாளே தேதியோடு அவர் கொடுத்த சீட்டு, கைக்கெட்டும் அலமாரியில் இருந்தது. அதை இணைத்திருந்தால் காரணம் ஒரு வரியில் அடங்கியிருக்காது.

எடை அறை அவருக்குப் பிடித்துவிட்டது. வாசலையும் எடை மேடையையும் காட்டும் கேமராத் திரைகள் அங்கே நாலைந்து இருந்தன. “இங்க பரவால்ல சார். கேமராவுக்கும் ஒரே கண்ணுதான்” என்றார். திரையில் லாரி மேடையேறுவதைப் பார்த்து, “ஒட்டிச்சி” என்பார், டயரையும் அதன் நிழலையும் காட்டி. நான் தினம் ஒரு முறையாவது அங்கே போய் உட்காருவேன். டீ ஊற்றித் தருவார். ஷெட்டிலிருந்து டம் என்று கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். கூச்சல் எதுவும் எழவில்லை என்று தெரிந்த பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடருவோம்.

என் கடைசி வேலை நாள். மாலையும் கடிகாரமுமாக வாசலில் பேருந்துக்காக நின்றிருந்தேன். அவர் வெளியே வந்து, அலைபேசியில் கரடிப் படத்தை ஓடவிட்டு என் கையில் கொடுத்தார்.

“கடைசியா ஒருவாட்டி பாருங்க சார். தோளு.”

பார்த்தேன். கரடி ஏறிக்கொண்டிருந்தது.

“புது ஆப்பரேட்டருக்கும் எறக்குறப்ப தடுமாறுதாம் சார். அவருக்கு ரெண்டு கண்ணும் நல்லா கீது. அந்த லைட்டுல கூசிக்கினு தர எங்கன்னே புரியலயாம்.” என் பக்கம் திரும்பினார். “அன்னிக்கி ரிப்போட்டுல லைட்டப் பத்தியும் எழுதுனீங்கதானே?”

“எழுதினேன்” என்றேன்.

அவர் தலையை இடப்பக்கம் கொஞ்சம் அசைத்தார். பிறகு வலப்பக்கம் கொஞ்சம்.

“சரி சார்” என்று கையை நீட்டி அலைபேசியை வாங்கிக்கொண்டார். கரடி இன்னும் மேட்டுக்குப் போய்ச் சேரவில்லை.